தூணில் ஒட்டிய கட்டம்

மாமல்லபுரம் பக்கம் கடற்காற்றில் உப்பு, சைட்டில் சிமெண்ட் தெறிப்பு. காகித பிளான் சீக்கிரம் கிழிந்துவிடும். தூணில் ஒட்டிய கியூஆர் வில்லை தாக்குப்பிடிக்கும்; போனில் ஸ்கேன் செய்தால் பிளான் திறக்கும்.

1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழு கார் உதிரிபாகக் கணக்குக்காக உருவாக்கியது இந்த கியூஆர் குறியீடு. மூன்று மூலைச் சதுரங்கள் இருப்பதால் போனை எப்படிப் பிடித்தாலும் அது திசையைத் தெரிந்துகொள்ளும். உயர்ந்த பிழைதிருத்த நிலையில் அச்சிட்டால், சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்க முடியும். என்ன அழகான ஏற்பாடு!

வரைபடம் மாறினால் வில்லையை மாற்ற வேண்டாம். அது காட்டும் பக்கத்தை மாற்றினால் போதும். கம்பி கட்டுபவர் புதிய அளவை நின்ற இடத்திலேயே பார்க்கலாம். கான்கிரீட் ஊற்றிய தேதி, அதன் வலிமையைக் காட்டும் 28ஆம் நாள் கியூப் சோதனை முடிவு எல்லாம் அதே இடத்தில்.

செங்கல்பட்டில் வீடு கட்டுபவர்களே, தூணுக்கு ஒன்று ஒட்டுங்கள். விவரம் தமிழிலும், வேலைக்கு வந்தவர்களின் இந்தியிலும் ஒடியாவிலும் இருக்கட்டும்.