வனத்தின் எல்லையில் நின்றுவிடும் ஒருங்கிணைப்பு

கடற்கரையை மீன்வளம், காடு, தொழில், பாசனம், சுற்றுலா எனத் துறைவாரியாகக் கூறுபோட்டு ஆள்வதை விடுத்து, நிலமும் நீரும் அவற்றை நம்பி வாழும் மக்களும் ஒன்றையொன்று சார்ந்த ஓர் அமைப்பாகக் கருதித் திட்டமிடும் முறைக்கு ஒருங்கிணைந்த கடற்கரை மேலாண்மை என்று பெயர். 1992இல் ரியோ டி ஜெனிரோவில் கூடிய புவி உச்சி மாநாடு ஏற்றுக்கொண்ட ‘செயல்திட்டம் 21’ என்னும் ஆவணத்தின் 17ஆம் இயல், கடலோர நாடுகள் யாவும் இம்முறையைக் கைக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தியது. இந்தியா அதற்கு ஓராண்டு முன்பே, 1991 பிப்ரவரியில், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டிருந்தது. ஆனால் உயர் ஓதக் கோட்டிலிருந்து இத்தனை மீட்டருக்குள் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று வரையறுத்த அந்த அறிவிக்கை, தடுப்பதற்கான கருவியாக இருந்ததே தவிர, பேணுவதற்கான வழியைச் சொல்லவில்லை. உலக வங்கியின் உதவியோடு 2010இல் தொடங்கிய ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டத்தின் முதற்கட்டமும் குசராத்து, ஒடிசா, மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநிலங்களோடு நின்றது. ஆயினும், அத்திட்டம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் இம்முறையின் சாரம் களத்தில் சோதிக்கப்பட்டுவிட்டது. அச்சோதனை எங்கே வென்றது, எங்கே தயங்கி நின்றது என்பதை எடைபோட்டுப் பார்ப்பது, கடலூர் மாவட்டக் கடற்கரைக்கு மட்டுமன்றித் தமிழகக் கடற்கரை முழுமைக்கும் பயன்தரும்.

பிச்சாவரத்தின் அழிவுக்குக் காரணம் எது என்ற கேள்வியிலிருந்தே அதன் மீட்சி தொடங்கியது. காடு அழிவதற்கு விறகு வெட்டும் மக்களும் மேயும் மாடுகளுமே காரணம் என்பது நெடுநாள் நிலவிய கருத்து. அக்கருத்தை ஏற்றால், வேலி போடுவதும் மக்களை வெளியேற்றுவதுமே தீர்வாக முடியும். 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வு, காரணத்தை வேறோர் இடத்தில் கண்டது. பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் புகுத்தப்பட்டு 1970கள் வரை நீடித்த கூப்பு முறைப்படி, காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டி எடுத்து வந்தனர். மரநிழல் நீங்கிய சேற்றுநிலம் வெயிலில் காய்ந்து, ஈரம் ஆவியாகி, நடுப்பகுதி தாழ்ந்து தாம்பாளம் போலக் குழிந்தது. ஏற்றத்தின்போது அக்குழிவில் புகுந்த கடல்நீர் வற்றத்தின்போது வடிய வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, மண்ணில் உப்பை ஏற்றியது. அலையாத்தி மரங்கள் உவர்ப்பைத் தாங்குபவைதாம். எனினும் கடல்நீரைவிடப் பன்மடங்கு உவர்த்த மண்ணில் அவற்றின் நாற்றுகளும் வேர்கொள்ளா. ஆகவே, காட்டைச் சிதைத்ததில் பெரும்பங்கு, அதைக் காக்கவென்று ஏற்பட்ட நிருவாகத்தின் வெட்டுமுறைக்கே உரியது என்பது வெளிப்பட்டது. இவ்வாய்வின் மிகப்பெரும் கொடை இதுவே எனலாம். குற்றவாளியாகப் பார்க்கப்பட்ட கிராமத்து மனிதரைக் கூட்டாளியாகப் பார்ப்பதற்கு அது அறிவியல் அடிப்படை அமைத்துத் தந்தது.

நோய் தெரிந்தபின் மருந்து எளிதாயிற்று. குழிந்த நிலத்தின் நடுவே ஒரு பெரிய வாய்க்காலை வெட்டி, அதை ஓடையோடு இணைத்து, அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களைத் தோண்டினர். மேலிருந்து பார்த்தால் மீனின் முள்ளைப் போலத் தோன்றும் என்பதால் இது மீன்முள் வாய்க்கால் முறை எனப்பட்டது. ஏற்றத்தில் கடல்நீர் கிளைகள் வழியே உள்ளே பரவி, வற்றத்தில் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறியது. உவர்ப்புத் தணிந்த கரைகளில் வெண்கண்டல் நாற்றுகள் நடப்பட்டன. இந்திய–கனடா சுற்றுச்சூழல் நிதியத்தின் துணையோடு 1996 முதல் 2003 வரை நடந்த கூட்டு மேலாண்மைத் திட்டத்தில், கிராம மன்றங்கள் அமைக்கப்பட்டு, எந்த இடத்தில் எந்தக் காலத்தில் வேலை செய்வது என்பதை வனத்துறையும் ஆய்வாளர்களும் ஊராரும் கூடி முடிவு செய்தனர். 1986இலும் 2002இலும் எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, அக்காலத்தில் காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியதாகக் காட்டியது. நாட்டின் பிற அலையாத்திக் காடுகளுக்கும் இம்முறை எடுத்துச்செல்லப்பட்டதற்கு இந்த வெற்றியே காரணம்.

இவ்வெற்றியில் மிகவும் கவனிக்கத்தக்கவர்கள், கிள்ளையை ஒட்டிய எம்.ஜி.ஆர். நகரில் வாழும் இருளர்கள். படகும் வலையும் இல்லாத இவர்களில் பலர், இடுப்பளவு நீரில் குனிந்து, ஓடைச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டோ கழுத்தில் மாட்டிக்கொண்டோ நகர்ந்து செல்வார்கள். சுரபுன்னையின் வேர்களுக்கிடையே எந்த ஓடையில் எந்தப் பருவத்தில் நீர் எவ்வளவு உப்புக் கரிக்கும் என்பதை விரல்நுனியால் அறிந்த அவர்களுக்கு, பழங்குடிச் சான்றிதழ் பெறுவதே நெடும்போராட்டமாக இருந்தது. கூட்டு மேலாண்மை அவர்களை மன்றத்தில் உட்கார வைத்தது. வீடு, பள்ளி, கடனுதவி போன்றவற்றுக்கு வழி திறந்தது. ஆனால், காப்புக்காட்டின் ஓடைகளில் இறால் பிடிக்கும் அவர்களது வாழ்வுரிமை, மன்றத்துக்கும் வனத்துறைக்கும் இடையிலான புரிந்துணர்வில் தங்கி நின்றதே ஒழிய, சட்டத்தில் நிலைபெறவில்லை. வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தபோது அந்தத் திட்டம் முடிந்துவிட்டிருந்தது. அதிகாரி ஒருவரின் பரிவைச் சார்ந்த உரிமை, அவர் மாற்றலாகிப் போகும்போது தானும் மாற்றலாகிப் போகக்கூடியது. கூட்டு மேலாண்மையின் ஆழமான குறை இதுதான்.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்க இன்னொரு குறை, பராமரிப்பு. மீன்முள் வாய்க்கால் ஒருமுறை வெட்டிவிட்டுப் போகும் கட்டுமானம் அன்று. ஓதம் கொண்டுவரும் வண்டல் அதைத் தூர்க்கும், தூர் வாராவிடில் நிலம் மீண்டும் பழைய குழிவின் நிலைக்குத் திரும்பும். வெளிநாட்டு நிதியோடு வந்த ஒரு திட்டம், அந்நிதி நின்றபின் யார் மண்வெட்டி பிடிப்பது, அவர்களுக்கு யார் கூலி கொடுப்பது என்பதற்கு நிலையான ஏற்பாட்டை விட்டுச் செல்லவில்லையென்றால், வரைபடத்தில் கூடிய பசுமையை முழு வெற்றியாகக் கொள்ள முடியாது. பரப்பு கூடியதாலேயே காட்டின் வளம் கூடிவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. நடப்பட்டதும் தானாகப் பரவியதும் பெரும்பாலும் மிகுந்த உவர்ப்பைத் தாங்கும் வெண்கண்டலே. நன்னீரை வேண்டி நிற்கும் இனங்கள் ஒதுங்கிக்கொண்டே வருகின்றன. சிதம்பரம் நடராசர் கோயிலின் தலமரமான தில்லையும் இக்காட்டுக்கு உரிய மரம். தில்லைவனம் என்று ஊரையே அழைக்குமளவு இப்பகுதியில் அது செழித்திருந்தது என்பதை நினைக்கும்போது, பசுமையின் பரப்பை மட்டும் அளக்கும் அளவுகோல் எவ்வளவு குறையுடையது என்பது விளங்கும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின. காட்டுக்குக் கிழக்கே கடலை ஒட்டிய மணல்திட்டில் இருந்த குடியிருப்புகள் பேரிழப்பைக் கண்டன. 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான, கடலூர் மாவட்டத்தைக் களமாகக் கொண்ட ஆய்வும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் மையத்தினர் செய்த ஆய்வும் மரங்களின் காக்கும் ஆற்றலை எடுத்துரைத்தன. ஆனால் அடுத்த ஆண்டே, அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வின் தரவுகளை மீண்டும் அலசிய வேறு அறிஞர்கள், கடலிலிருந்து ஊர் எவ்வளவு தொலைவில், எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதே உயிரிழப்பின் வேறுபாட்டைப் பெரிதும் விளக்கிவிடுகிறது என்று மறுத்தனர். அலையாத்திகள் வளர்வதே உள்ளொதுங்கிய கழிமுகங்களில் என்பதால், அவற்றின் பின்னே இருக்கும் ஊர் இயல்பாகவே கடலுக்குத் தொலைவில் இருக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம் என்ற அவர்களது வாதம் வலுவானது. மரங்கள் அலையின் வேகத்தைத் தணிக்கின்றன என்பதை அது பொய்யாக்கிவிடவில்லை. ஆயினும் இந்த எச்சரிக்கை பொதுப்பேச்சில் இடம்பெறவில்லை. மரம் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை பரவி, ஆழிப்பேரலைக்குப் பிந்தைய சீரமைப்பில் திறந்த மணற்கடற்கரைகளில் சவுக்கு வரிசைகள் நடப்பட்டன. கடலுக்கு இயற்கை அரணாக நிற்கும் மணல்மேடுகளையும், ஆமைகள் முட்டையிட ஏறிவரும் மணற்பரப்பையும் அவை பல இடங்களில் ஆக்கிரமித்தன. ஓரிடத்தில் பலித்த மருந்தை எல்லா இடத்துக்கும் கொடுத்த பிழை இது.

எல்லாவற்றிலும் பெரிய குறை, காட்டின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. பிச்சாவரத்தில் ஓத உயரம் மிகக் குறைவு. ஒரு மீட்டரைத் தாண்டுவதே அரிது. ஆகவே சின்னவாய்க்கால் முகத்துவாரம் மணலால் அடைபடாமல் இருக்க, உள்ளிருந்து பாய்ந்துவரும் ஆற்றுநீரின் விசை வேண்டும். அந்நீரை ஆள்வது வனத்துறை அன்று. கொள்ளிடத்து நீரைக் கீழணை தடுத்து, வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கு அனுப்புகிறது. 2004 முதல் வீராணத்திலிருந்து சென்னைக்குக் குடிநீர் போகிறது. வெள்ளக் காலம் தவிரப் பிற நாள்களில் கழிமுகத்துக்கு எஞ்சுவது மிகக் குறைவு. பயிருக்கும் குடிநீருக்கும் ஒதுக்கீடு உண்டு. கழிமுகத்துக்கு என்று ஒதுக்கீடு இல்லை. கடலுக்குப் போகும் நீர் வீண் என்று நம்மிடையே வேரூன்றிய எண்ணமே இதற்குக் காரணம். இறாலின் இளம்பருவத்துக்கும் தில்லையின் வேருக்கும் போய்ச்சேரும் நீரை வீண் என்று கொள்வது கொடிய தவறு.

வடக்கே கடலூரில் இதே துண்டாடல் வேறு வடிவில் நிற்கிறது. உப்பனாற்றின் கரையில் 1980களில் உருவான சிப்காட் தொழிற்பேட்டையைத் தொழில்துறை வளர்த்தது. கழிவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்காணிக்க வேண்டியிருந்தது. ஆற்றில் மீன் பிடித்தவர் மீன்வளத்துறையின் பொறுப்பு. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் இடம் எதுவும் இல்லாததால், 2004இல் ஊர்மக்களே கண்காணிப்பாளர்களாகி, மூடிய வாளிக்குள் பொருத்திய பையில் காற்றை இழுத்துப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பத் தொடங்கினர். இறால் பண்ணைகளின் கதையும் அவ்வாறே: கடற்கரை மண்டலத்துக்குள் அமைந்த இறால் குளங்களை அகற்ற உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் ஆணையிட, 2005இல் இயற்றப்பட்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அத்தீர்ப்பின் விளைவைப் பெருமளவு மாற்றியது. 2019 தொடக்கத்தில் வெளியிடப்பட்ட புதிய கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஓதம் பாயும் ஆறுகளின் கரையில் 100 மீட்டராக இருந்த காப்பு எல்லையை 50 மீட்டராகக் குறைத்தது. கழிமுகங்களே உயிர்நாடியான இம்மாவட்டத்தில், இந்த ஒரு மாற்றத்தின் பாதிப்பு மற்ற மாவட்டங்களைவிடக் கூடுதலாக இருக்கும்.

பிச்சாவரம் 2022இல் ராம்சார் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அவ்வுடன்படிக்கையின்படி, ஈரநிலத்தின் சூழலியல் தன்மையைப் பேணுவது நாட்டின் கடமை. நீர்வரத்து அத்தன்மையின் முதற்கூறு. தமிழக அரசு தொடங்கியுள்ள நெய்தல் மீட்சி இயக்கம் இந்தக் கடமையை நாற்று நடும் எண்ணிக்கையால் மட்டும் நிறைவேற்ற இயலாது. கீழணையிலிருந்து எந்த மாதத்தில் எவ்வளவு நீர் கழிமுகத்துக்கு விடப்படும் என்பதை நீர்வளத்துறை எழுத்தில் ஏற்பதும், வாய்க்கால் தூர்வாருதலை ஆண்டுதோறும் மாநில நிதியிலிருந்து கூலியோடு கிராம மன்றங்களிடம் ஒப்படைப்பதும், இருளர்களின் இறால் பிடிக்கும் உரிமையை வன உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பதிவுசெய்வதும் அவ்வியக்கம் முதலில் செய்யவேண்டிய மூன்று பணிகள். இவற்றுள் எதையும் வனத்துறை தனித்துச் செய்துவிட முடியாது என்பதால், மாவட்ட ஆட்சியரின் தலைமையில் நீர்வளம், மீன்வளம், தொழில், வனம் ஆகிய துறைகளும் ஊர்ப் பஞ்சாயத்துகளும் ஒரே மேசையில் அமர்ந்து கையொப்பமிடும் ஏற்பாடு அதற்கு வேண்டும்.