பிளாக்செயின் காப்பதும் காக்காததும்

மருத்துவப் பதிவேட்டைப் பிளாக்செயினில் வைத்தால் யாராலும் திருட முடியாது என்று வாதிடுபவர்கள் பெரும்பாலும் எஸ்டோனியாவைத்தான் சான்றாகக் காட்டுவார்கள். சுமார் 13 லட்சம் மக்களே உள்ள அந்த நாடு, 2008-இல் நாடு முழுவதற்கும் ஒரே மின்னணு மருத்துவப் பதிவேட்டைக் கொண்டுவந்தது. 2016-இல் கார்ட்டைம் என்ற உள்நாட்டு நிறுவனத்தின் பிளாக்செயின் முறை அதனுடன் இணைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அங்கே நடப்பதை அருகில் போய்ப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது.

நோயாளியின் விவரம் எதுவும் பிளாக்செயின் என்ற சங்கிலிக்குள் போவதில்லை. அது வழக்கமான தரவுத்தளத்திலேயே இருக்கிறது. சங்கிலிக்குப் போவது ‘ஹாஷ்’ மட்டும். அது ஆவணத்தின் கைரேகை மாதிரி. ரத்தப் பரிசோதனை அறிக்கையில் கிரியாட்டினின் 1.2 என்றிருப்பதை யாராவது 1.3 ஆக்கினால் ஹாஷ் முழுவதும் மாறிவிடும். நொடிக்கொரு முறை இந்த ஹாஷ்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு ஒற்றை ஹாஷாகச் சுருங்குகின்றன. அந்தத் தொடரின் சான்று அச்சு நாளிதழிலும் வெளியாகிறது. தரவுத்தளத்தை நிர்வகிப்பவரே பழைய அறிக்கையைத் திருத்த நினைத்தாலும், ஏற்கெனவே அச்சாகிப் பலர் கைக்குப் போன நாளிதழை அவரால் திருத்த முடியாது. தவறான சிகிச்சை குறித்த வழக்கில் ஆவணம் பிறகு திருத்தப்பட்டதா என்ற கேள்வி எழும்போது இதன் மதிப்பு மிகப் பெரியது. இந்த முறையின் உண்மையான பலம் இதுதான்.

ஆனால் திருத்துவது வேறு, திருடுவது வேறு. ஒருவர் அறிக்கையை நகலெடுத்துக்கொண்டு போனால் ஹாஷ் மாறாது, சங்கிலியும் எதையும் சொல்லாது. 2023-இல் எஸ்டோனியாவின் ஆஸ்பர் பயோஜீன் என்ற மரபணுப் பரிசோதனை நிறுவனத்திலிருந்து சுமார் 10,000 பேரின் விவரங்கள் களவுபோயின. அவை தேசியப் பதிவேட்டிலிருந்து போனவை அல்ல, நிறுவனத்தின் சொந்தச் சேமிப்பிலிருந்து போனவை. நோயாளிக்கோ இழப்பு ஒன்றுதான். மரபணுவைக் கடவுச்சொல்போல மாற்றிக்கொள்ளவா முடியும்?

ஹாஷைப் பொதுச் சங்கிலியில் போடுவதிலும் ஆபத்து உண்டு. ரத்த வகை எட்டுதான். வெறும் ரத்த வகையை மட்டும் ஹாஷ் செய்து வைத்தால், எட்டையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டு விடையைக் கண்டுபிடித்துவிடலாம். எச்.ஐ.வி. முடிவுக்கு இரண்டே முயற்சி போதும். யூகிக்க முடியாத ரகசிய எண் ஒன்றைச் சேர்த்தே ஹாஷ் செய்ய வேண்டும்.

2016-இல் எம்ஐடி மீடியா லேப் ஆய்வாளர்கள் முன்வைத்த ‘மெட்ரெக்’ வேறு வழியை எடுத்தது. பதிவுகள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும், யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதி மட்டும் எத்தீரியம் சங்கிலியில் இருக்கும். பல மருத்துவமனைகளில் சிதறிக் கிடக்கும் பதிவுகளை ஒருவர் தன் பொறுப்பில் ஒன்றுசேர்க்க இது உதவும். அந்த நோக்கத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் விபத்தில் நினைவிழந்து கிடப்பவர் யாருக்கு அனுமதி தருவார்? அனுமதி தருவதற்கான மின்னணுச் சாவியைத் தொலைத்த முதியவர் யாரிடம் போவார்? பெயர் மறைந்திருந்தாலும், சங்கிலியில் ஒருவரைக் குறிக்கும் ஒரே முகவரி மாதாமாதம் மனநல மருத்துவரின் முகவரியோடு தொடர்பு கொள்வது தெரியும். தனிநபர் விவரத்தை அழிக்கக் கோரும் உரிமையை 2018 முதல் ஐரோப்பியச் சட்டம் தருகிறது. அழிக்கவே முடியாத ஏட்டில் எழுதியதை எப்படி அழிப்பது?

காலமுத்திரையிட்டு ஹாஷ்களைக் கோக்கும் யோசனையை ஆய்வாளர்களான ஹேபரும் ஸ்டார்னெட்டாவும் 1991-லேயே, பிட்காயினுக்கு வெகு முன்னரே, வெளியிட்டுவிட்டார்கள். திருத்தத்தைக் கண்டுபிடிக்க அந்த எளிய வடிவமே பெரும்பாலும் போதும் என்பது என் கருத்து. எஸ்டோனியாவில் நோயாளிக்கு உண்மையான காவல் வேறிடத்தில் இருக்கிறது. தன் பதிவை யார், எப்போது திறந்தார் என்ற பட்டியலை அவரே இணையத்தில் பார்க்கலாம், மருத்துவர்கள் பார்க்காதபடி மூடியும் வைக்கலாம். காரணமின்றித் திறந்தவரிடம் விளக்கம் கேட்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலை யாராவது படித்தால்தான் இதெல்லாம் பயன்படும். இணையம் பழகாத நோயாளிக்காக அதைப் படித்துக் கேள்வி கேட்கும் பொறுப்பை ஒவ்வொரு மருத்துவமனையும் ஓர் ஊழியரிடம் ஒப்படைக்க வேண்டும். சங்கிலிக்குச் செலவிடும் முன் அந்த ஊழியருக்குச் சம்பளம் ஒதுக்கட்டும்.