கல்வெட்டும் கடனும்: நினைவு மலர்கள் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழர் வழக்கில் ‘கல்வெட்டு’ என்னும் சொல் சாசனத்தை மட்டும் குறிப்பதன்று. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாட் கிரியைக்கு வந்தோர் கையிற் கொடுக்கப்படும் சிறு நூலும் கல்வெட்டே. பிற்காலத்தில் நினைவு மலர் எனப் பெயர் பெற்ற இந்நூல்கள் ஏராளமாக அச்சேறியுள்ளன. எனினும் இலக்கிய வரலாற்றாசிரியர் இவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் இவற்றையும் சேர்த்துப் பேணி வருவதனால், இவற்றை இலக்கியமாகவும் சமூக ஆவணமாகவும் ஒருசேர நோக்குதல் இப்பொழுது எளிதாயிற்று.

இவற்றின் அமைப்பு பெரிதும் மாறாதது. திருமுறைப் பகுதி, இறந்தாரின் படம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, அதன்பின் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் எனச் செல்லும். இவற்றுள் திதி வெண்பாவே நேர்மையான பகுதி என்பது எமது எண்ணம். ஆண்டு, மாதம், பக்கம், திதி ஆகியவற்றை நான்கடியில் அடக்கி, அடுத்த ஆண்டுத் திவச நாளை மறவாதிருக்கச் செய்வது அதன் வேலை. அவ்வேலையை அது செவ்வனே செய்கின்றது. புலம்பற் பகுதியோ அவ்வாறன்று. வேண்டிக்கொள்ளப்பட்ட புலவர் ஒருவர் மனைவியாகவும் மகளாகவும் பேரனாகவும் மாறி மாறி விருத்தம் பாடுகின்றார். பெயரை மாற்றினால் ஒருவர்க்குரிய பாட்டு மற்றொருவர்க்கும் பொருந்திவிடும். அதே வீட்டுப் பந்தலில் பெண்கள் கட்டியழுது சொல்லிய ஒப்பாரியில் ஈடுவைத்த காணியும், தீராத நோயும், வராத பிள்ளையும் வந்திருக்கும். அவற்றுள் ஒன்றேனும் மலரில் ஏறுவது அருமை.

மட்டக்களப்பைப் பொறுத்தவரை வேறொரு பொருந்தாமையும் உண்டு. இங்கே குடி தாய்வழியாக இறங்குவது. வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணைச் சேர்தலும், மணமகன் பெண்வீட்டிற் சென்று வாழ்தலும் பழைய வழக்கு. அக்கரைப்பற்றைக் களமாகக் கொண்டு டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட ஆய்வு இதனை விரிவாகக் காட்டுகின்றது. மலரின் வரலாற்றுப் பகுதியோ தந்தையின் தந்தையிலிருந்தே தொடங்குகின்றது. தாய்க்கு வெளியிடும் மலரிலும், அவள் இன்னாருடைய மனைவி, இன்ன உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளைப் பெற்றவள் என்பதற்கு மேல் அறிய வருவது சிறிது. அவள் வாழ்ந்த வீடு அவளுடையது என்ற செய்திக்குக்கூட அங்கே இடமில்லை.

முற்போக்கு நோக்கினர் பலர் இச்செலவை வெறும் ஆடம்பரம் என ஒதுக்கினர். நாமும் ஒருகால் அவ்வாறே கருதினோம். அவ்விளக்கம் போதாது. எட்டுச் செலவு, முப்பத்தொன்று, ஆண்டுத் திவசம் என்று தொடரும் வரிசையில், ஊர் மரண சகாய சங்கம் தோள்கொடுப்பது பெரும்பாலும் முதற் சில நாள்களுக்கே. எஞ்சியது பிள்ளைகளின் தலையில் விழும். உயிரோடிருந்தபோது மருந்துக்கு அலைந்தவனே மலருக்கும் அச்சகத்துக்கு அலைவான். அவனை அலைக்கழிப்பது பகட்டு மட்டுமன்று, செய்யாது விட்டவை பற்றிய உறுத்தலுமாகும். ‘கடன்’ என்ற ஒரே சொல் கடமைக்கும் வட்டிக்கு வாங்கிய பணத்துக்கும் வழங்குவது இவ்விடத்து நோக்கத்தக்கது. வெளிநாட்டிலுள்ள சகோதரர் பணம் அனுப்ப, நன்றியுரையிற் பெயர் வரிசை பற்றிப் பிணக்கு எழுவதும் உண்டு. 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே தாளின்றிப் பிற்போடப்பட்டன. தாளின் அருமை அந்நாளில் மலர் அச்சிட முனைந்தோரையும் விட்டிராது. அரிய பழைய நூலொன்றையோ கைமருந்துக் குறிப்புகளையோ மறுபதிப்புச் செய்து வழங்கும் மலர்கள் இச்செலவுக்கு ஓரளவு பயன் தேடியவை. அவற்றை நாம் மனமார வரவேற்கின்றோம்.

இவையெல்லாம் இறந்த நாள் தெரிந்தவர்க்கே. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான வந்தாறுமூலை வளாகத்தில், 1990இல் அயலூர் மக்கள் அகதிகளாகத் தஞ்சம் புகுந்திருந்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் இராணுவத்தினர் 158 பேரை அங்கிருந்து கொண்டு சென்றனர். அவர்கள் திரும்பவில்லை. அவர்களுள் ஒருவர்க்குத் திதி வெண்பா பாடப் புகும் புலவர் முதலடியிலேயே நிற்க நேரும். ஆடி அமாவாசையன்று மாமாங்கத் தீர்த்தக் கரையில் தந்தையை இழந்தோர் பிதிர்க்கடன் செய்கின்றனர். கொண்டு செல்லப்பட்டவரின் பிள்ளை அவ்வரிசையில் நின்றால் தந்தை இறந்தார் என்று தானே ஒப்புக்கொண்டதாகும். நில்லாவிடின் கடன் செய்யாதவன் ஆவான். 2016இன் சட்டத்திருத்தம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற வழிசெய்தது. தொல்காப்பியர் கூறும் கையறுநிலையோ இறப்பு உறுதியான பின்னரே பிறக்கும் பாட்டு. அரச படிவத்தில் இடம்பெற்றுவிட்ட இவ்விடைநிலைக்குக் கல்வெட்டு மரபில் இன்னும் ஒரு பக்கம் ஒதுக்கப்படவில்லை.