பெயர் தெரிந்தால் போதுமா? – ஸெபால்டின் 'ஆஸ்டெர்லிட்ஸ்'

ஜெர்மானியக் குடும்பப்பெயர்களைப் பிடித்துக்கொண்டு மூதாதையரைத் தேடுவது இன்று பலருக்குப் பொழுதுபோக்கு. ஆரம்பம் சுலபம்தான். முல்லர் என்றால் மாவு ஆலைக்காரர், ஷ்மிட் என்றால் கொல்லர், ஷ்னைடர் என்றால் தையல்காரர். வீனர் என்றால் வியன்னாவிலிருந்து வந்தவர். அகராதியைத் திறந்தா பதில் கிடைச்சிடும். ஆனால் கிடைப்பது சொல்லின் பொருள்தான், ஆள் இல்லை. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை டபிள்யூ. ஜி. ஸெபால்டின் 'ஆஸ்டெர்லிட்ஸ்' நாவலில்தான் உணர்ந்தேன். 2001இல் ஜெர்மனில் வெளிவந்தது. ஆன்தியா பெல்லின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தேன்.

நாவலின் நாயகன் வேல்ஸில் ஒரு போதகரின் வீட்டில் டாஃபிட் எலையாஸ் என்ற பெயரோடு வளர்கிறான். பள்ளித் தேர்வு நெருங்கும்போது தலைமையாசிரியர் கூப்பிட்டு, விடைத்தாளில் நீ 'ஜாக் ஆஸ்டெர்லிட்ஸ்' என்று எழுத வேண்டும் என்கிறார். அவ்வளவுதான், வேறு விளக்கம் இல்லை. அவன் 1939இல் பிராக் நகரிலிருந்து ரயிலில் அனுப்பப்பட்ட யூதக் குழந்தை. போருக்கு முந்தைய மாதங்களில் அப்படிப் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்த குழந்தைகள் ஏறத்தாழ 10,000 பேர். ஆனால் அது தெரியவரவே அவனுக்குப் பாதி ஆயுள் போய்விடுகிறது.

அந்தப் பெயர் அவனை எங்கெங்கோ இழுக்கிறது. ஆஸ்டெர்லிட்ஸ் என்பது மொராவியாவில் உள்ள ஓர் ஊரின் ஜெர்மன் பெயர். செக் மொழியில் ஸ்லாவ்கோவ். 1805இல் நெப்போலியன் வென்ற போர்க்களம். பாரிஸில் ஒரு ரயில் நிலையம். நடனக் கலைஞர் ஃபிரெட் அஸ்டேரின் பிறப்புப் பெயரும் அதுதான். இத்தனை செய்தி இருந்தும் அம்மா யாரென்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. கடைசியில் பிராக் ஆவணக் காப்பகத்தில், முப்பதுகளில் அங்கே வாழ்ந்த ஆஸ்டெர்லிட்ஸ்களின் பட்டியல் கிடைக்கிறது. அதிலிருந்த ஒரு முகவரி அவனை வேரா என்ற கிழவியிடம் கொண்டுபோய் விடுகிறது. சிறுவயதில் அவனைப் பார்த்துக்கொண்டவள். அவள் பேசப் பேசத்தான், மறந்துபோன செக் மொழி அவன் காதுக்குத் திரும்புகிறது. எனக்கு நாவலின் உச்சம் இந்த இடம்தான். பெயர் அவனைக் கதவு வரைக்கும்தான் கொண்டுவந்தது; உள்ளே கூப்பிட்டது ஒரு மனுஷியின் ஞாபகம்.

பெயரும் வம்சமும் ஜெர்மன் மொழியில் அப்பாவியான விஷயங்கள் இல்லை. ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787இல், தன் ஆட்சியிலிருந்த யூதர்கள் நிலையான ஜெர்மன் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டுமென ஆணையிட்டார். 1938இல் நாஜி அரசு, பெயரைக் கேட்டதும் யூதர் என்று தெரியாதவர்கள் ஆணானால் இஸ்ரேல், பெண்ணானால் சாரா என்று கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. அதே காலத்தில்தான் சாதாரண ஜெர்மானியர்கள் தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டி, தங்கள் 'ஆரிய' வம்சத்தை நிரூபிக்கும் சான்றுகளைச் சேகரித்தார்கள். இன்று ஆசையாகச் செய்யும் தேடலை அன்று உயிர்பிழைக்கச் செய்ய வேண்டியிருந்தது. 1944இல் பவேரியாவில் பிறந்த ஸெபால்ட், வின்ஃப்ரீட் என்ற தன் முதற்பெயரில் நாஜி வாடை அடிப்பதாகக் கருதினார். நண்பர்களுக்கு அவர் மாக்ஸ்.

நாவலோடு எனக்கு இரண்டு பிணக்குகள் உண்டு. முதலாவது, ஆஸ்டெர்லிட்ஸ் ஓர் அரிய பெயர். அதனால்தான் பட்டியல் சின்னதாக இருக்கிறது, சரியான கதவும் சீக்கிரம் திறக்கிறது. அவன் பெயர் முல்லர் என்றிருந்தால்? தற்செயல்கள் மீது ஸெபால்டுக்கு உள்ள மோகம், தேடுபவர்களில் பெரும்பாலோர் சந்திக்கும் வெறுமையை மறைத்துவிடுகிறது.

இரண்டாவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஸூசி பெக்ஹோஃபர் என்ற பெண், இரட்டைச் சகோதரியோடு மியூனிக்கிலிருந்து அனுப்பப்பட்டு, வேல்ஸில் ஒரு போதகர் வீட்டில் கிரேஸ் என்ற பெயரில் வளர்ந்தவர். அவருக்கும் உண்மைப் பெயர் தெரியவந்தது பள்ளித் தேர்வின்போதுதான். அவருடைய வாழ்க்கைக் கதை 1996இல் 'ரோசாவின் குழந்தை' என்ற நூலாக வந்தது. தொலைக்காட்சியில் பார்த்த ஒரு பெண்ணின் கதை தன் மூலங்களில் ஒன்று என்று ஸெபால்ட் நேர்காணலில் ஒப்புக்கொண்டார். ஆனால் நாவலில் அவர் பெயர் எங்கும் இல்லை. பெக்ஹோஃபர் பகிரங்கமாகவே எதிர்ப்புத் தெரிவித்தார்.

புனைவு நிஜ வாழ்க்கையிலிருந்து எடுக்கத்தான் செய்யும், அதில் தப்பில்லை என்று நண்பர்கள் வாதாடுகிறார்கள். பொதுவாக நானும் அப்படித்தான் நினைப்பேன். ஆனால் இது பெயர் பறிக்கப்பட்ட ஒருவனைப் பற்றிய நாவல். பின்பக்கத்தில் ஒரு வரி நன்றி எழுதியிருந்தால் நாவல் கொஞ்சமும் குறைந்திருக்காது. ஸெபால்ட் 2001 டிசம்பரிலேயே கார் விபத்தில் இறந்துவிட்டதால், இதைச் சரிசெய்ய அவருக்கு அவகாசமும் இல்லாமல் போனது.

அதனால் 'ஆஸ்டெர்லிட்ஸ்' வாசியுங்கள் என்று யாரிடம் சொன்னாலும் 'ரோசாவின் குழந்தை'யையும் சேர்த்தே சொல்கிறேன். முதலாவது மேலான இலக்கியம், சந்தேகமில்லை. இரண்டாவதில் அந்தப் பெண்ணின் பெயர் இருக்கிறது.