மலைக்குள் ஐந்து சந்நிதி

திருப்பரங்குன்றம் முருகன் கோயிலுக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. இன்றைக்கும் மகா மண்டபத்தைத் தாண்டிப் படியேறி அர்த்த மண்டபத்தில் கால் வைக்கும்போது உடம்பு சிலிர்த்துவிடுகிறது. கட்டிய கோயில் அங்கே முடிந்து, மலை தொடங்குகிறது.

பெரும்பாலான கோயில்களில் கருவறை கட்டி, சிலையைக் கொண்டுவந்து, மருந்து சாத்தி நிறுத்துவார்கள். இங்கே பின்சுவரில் இருக்கும் முருகன், துர்க்கை, விநாயகர் மூவரும் மலையை விட்டு இறங்கி வந்ததே இல்லை. வேண்டாத கல்லையெல்லாம் சிற்பி செதுக்கி எறிந்துவிட்டு, சாமியை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறான். உளி ஒரு நூல் தவறியிருந்தால் போனது போனதுதான். வேறு கல் எடுத்துத் திரும்பச் செய்ய வழியில்லை. என்ன துணிச்சல்! பாறையோடு ஒட்டிய புடைப்புச் சிற்பம் என்பதால் முருகனுக்கு அபிஷேகம் கிடையாது, எல்லாம் வேலுக்குத்தான். கல்லைக் காப்பாற்ற ஏற்பட்ட வழக்கம், அந்த வேலுக்கே தனிப் பெருமை தேடித் தந்துவிட்டது.

மற்ற படைவீடுகளில் நின்ற கோலத்தில் பார்த்துப் பழகிய முருகன், இங்கே தெய்வானையோடு மணக்கோலத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் சுவரின் நடுவில் இருப்பது துர்க்கை! இதைக் கவனித்த நாளிலிருந்து எனக்கு இந்தக் கோயில் மேல் பித்து. கி.பி. 773இல் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் படைத்தலைவர் சாத்தன் கணபதி இங்கே திருப்பணி செய்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அவர் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும், சேட்டை எனப்படும் மூதேவிக்கும் கோயில் எடுத்திருக்கிறார். 1,250 வருஷத்துக்கு முன் ஒரு பெண் செய்த திருப்பணி, பெயரோடு கல்லில் நிற்கிறது!

இதையெல்லாம் மிஞ்சுவது ஒன்று உண்டு. முருகனைப் பார்த்து நின்றால் நமக்கு வலப்பக்கம் கிழக்கு நோக்கிய சிவன், இடப்பக்கம் மேற்கு நோக்கிய பவளக்கனிவாய்ப் பெருமாள். நந்தி இருக்க வேண்டிய நேர்கோட்டில் பெருமாள்! இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பார்வைக்கு நடுவே நாம் நிற்கிறோம். சைவம், வைணவம், சாக்தம், கௌமாரம், காணாபத்தியம் ஐந்தும் ஒரே குடைவரைக்குள். இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு பெரிய எண்ணத்தைச் செதுக்கிய இன்னொரு கருவறையை நான் பார்த்ததில்லை.

கூட்டத்தில் சில நொடிதான் கிடைக்கும். முருகனைக் கும்பிட்டதும் நகர்ந்துவிடாதீர்கள். வலமும் இடமும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.