ஒன்றே முக்கால் அங்குலக் காது

தொலைக்காட்சி நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில், 19 அங்குல ரேக்கின் ஒரே அடுக்கில் அடங்கிவிடும் ஆடியோ மானிட்டர்கள் உண்டு. உயரம் 1.75 அங்குலம்தான். முகப்பில் ஒரு குமிழ், சில பொத்தான்கள், வரிசையாக மினுங்கும் மீட்டர்கள், குட்டி ஸ்பீக்கர்கள். எதுவும் அலங்காரத்துக்கு இல்லை.

எஸ்டிஐ எனப்படும் ஒரே டிஜிட்டல் வீடியோ கேபிளில் படத்தோடு 16 ஒலித்தடங்கள் வரை வரலாம்: இரண்டு மொழி வர்ணனை, மைதானத்து ஆரவாரம், பின்னணி இசை. எந்தத் தடத்தில் எது என்பதைப் பொத்தானை அழுத்திக் கேட்டுவிடலாம். கேட்காத தடங்களை மீட்டர்கள் கவனித்துக்கொள்கின்றன. பச்சை ஆடினால் ஒலி வருகிறது. சிவப்பைத் தொட்டால் எல்லை நெருங்குகிறது.

எனக்குப் பிடித்தது மோனோ பொத்தான். அது இடதையும் வலதையும் ஒன்றாகக் கூட்டும். எங்கோ ஓர் இணைப்பில் முனைகள் மாறியிருந்தால், ஸ்டீரியோவில் ஓரளவு ஒப்பேறிய குரல் இங்கே மெலிந்தே போய்விடும். ஓர் அலை ஏறும்போது மற்றது இறங்கி, ஒன்றையொன்று அழித்துக்கொள்வதே காரணம். ஒளிந்திருந்த பிழையை நொடியில் அம்பலப்படுத்தும் பொத்தான் அது.

ஒலிக் குமிழோ அடக்கமானது. எவ்வளவு திருகினாலும் ஒளிபரப்பாகும் ஒலி மாறாது. அறையில் இருப்பவர் காதுக்கு மட்டுமே அதன் அதிகாரம். போன் வந்தால் ‘மியூட்’ அழுத்தலாம். மீட்டர்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும்.

நேரலையில் மெனுவுக்குள் துழாவ நேரமில்லை. கண் திரையில் இருக்க, விரல் தானாகப் போய்ச் சேரும் பொத்தானே நல்ல பொத்தான்.