மாத்தளைத் தேர்: கமரா எங்கே நிற்க வேண்டும்?

மாசி மகத்தையொட்டி மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும் பஞ்சரத பவனி, படப்பிடிப்பாளர்களுக்கு மிகக் கடினமான ஆடுகளம். வெயிலும் நிழலும் மாறி மாறி விழும். கூட்டம் ஓரிடத்தில் நிற்காது. நடந்தது இன்னொரு தடவை நடக்காது. "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்கள்" என்று யாரையும் கேட்க முடியாது. கேட்ட மாத்திரத்தில் அந்தக் கணம் போய்விடும். கமராவுக்காக யாரும் நிற்காத நேரத்தில் பக்தியும் பொறுமையும் பரிவும் கூட்டுழைப்பும் படத்தில் விழுகின்றனவா என்பதை வைத்தே இங்கு ஆட்டத்தை எடைபோட வேண்டும்.

களத்தின் வரலாறு தெரியாமல் இங்கே படமெடுப்பதில் பயன் குறைவு. நெல்வயலாக இருந்த நிலத்தில் மரத்தடி வழிபாடாகத் தொடங்கிய இக்கோயில் 1874 இல் கட்டப்பட்டது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஆதரவில் வளர்ந்தது. இராஜகோபுரத்தின் உயரம் 108 அடி. தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய கோப்பித் தோட்டத் தொழிலாளர்கள் காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர். மாத்தளைக்கு ரயில் வந்தது 1880 இல்தான். அந்த நூற்றாண்டில் ஸ்கீன், ஸ்கோவன் போன்ற ஸ்டூடியோக்கள் இந்த மக்களைக் கூடையும் கையுமாக நிறுத்திவைத்துப் படமெடுத்து விற்றன. படத்தில் உள்ளவர் யார் என்று அந்த அட்டைகளில் குறிப்பு இராது. 'தமிழ்க் கூலிகள்' என்பதோடு சரி. அவர்களின் வழித்தோன்றல்கள் தேர்நாளில் விழாவுக்கு உரியவர்களாக வீதியில் இறங்குகிறார்கள். இயல்பான படத்துக்கு இங்கே கூடுதல் பொறுப்பு இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பெரும்பாலான கமராக்கள் தேருக்கு நேர் முன்னால் போய் நிற்கும். அலங்காரமும் குடையும் கோபுரப் பின்னணியும் ஒரே சட்டத்தில் அமையும் என்பதால் அது எளிதான இடம். படமும் அழகாகவே வரும். ஆனால் போன வருடத்துப் படத்துக்கும் இந்த வருடத்துப் படத்துக்கும் வித்தியாசம் தெரியாது. சட்டத்தில் மனிதர்கள் வெறும் தலைகளாகிவிடுவார்கள்.

தேர்ச் சில்லின் அருகே நிலைமை வேறு. அங்கே குனிந்தபடி ஒருவர் கூடவே நடப்பார். கையில் ஆப்பு வடிவில் செதுக்கிய கட்டை. தேர் ஒரு பக்கம் ஒதுங்கினாலோ சரிவில் வேகமெடுத்தாலோ அந்தக் கட்டை சில்லின் அடியில் போக வேண்டும். ஒரு கணம் முந்தினால் தேர் குலுங்கும். பிந்தினால் வடம் பிடிப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. அம்மன் அவர் தலைக்கு மேலே பல அடி உயரத்தில் வீற்றிருப்பாள். ஊரே அண்ணாந்து கும்பிடும் நேரத்தில் அவர் கண் மட்டும் சில்லை விட்டு அகலாது. தன் தரிசனத்தைத் தள்ளிவைத்துப் பிறரைக் காக்கும் அந்த முகத்தில் உள்ள பொறுப்பை வேறெந்த இடத்திலும் இவ்வளவு தெளிவாக எடுக்க முடியாது. முப்பத்தைந்து மில்லிமீட்டர் வில்லை, தரையை ஒட்டிய கோணம், 1/250 நொடி என்ற அமைப்பு இதற்குப் பொருந்தும். சில்லுக்கு முன்னாலும் வடத்துக்கு நடுவிலும் கமராவுடன் போகக் கூடாது. பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும்.

பறவைக் காவடியில்தான் பலரும் தவறுகிறார்கள். முதுகிலும் காலிலும் செடில் பூட்டி, வாகனத்தில் பொருத்திய கம்பத்தில் அடியார் தொங்கி வருவார். நீளமான வில்லைகள் எல்லாம் கொக்கி இழுக்கும் தோலையே குறிவைக்கும். அந்தப் படம் பார்ப்பவரைத் திடுக்கிடச் செய்யும். நேர்த்தியைப் பற்றி எதுவும் சொல்லாது. சற்று விலகி நின்றால், உதட்டில் தண்ணீர் நனைப்பவரும் திருநீறு பூசுபவரும் கம்பத்தோடு கூடவே நடக்கும் தாயும் சட்டத்துக்குள் வருவார்கள். கிரிக்கெட்டில் பந்து மட்டையில் படும் கணத்தை யாரும் எடுத்துவிடலாம். எதிர்முனையில் ஓட்டத்துக்குப் புறப்பட்டவரின் கண்ணில்தான் ஆட்டத்தின் நிலைமை தெரியும். காவடிக்கும் அதுதான் கணக்கு.

புனிதத் தலத்தில் கமரா எப்படி நடந்துகொள்ளலாம் என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது பிரெஞ்சுப் படக்கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸோன் திருவண்ணாமலை ஆசிரமத்தில் இருந்தார். மகரிஷியின் கடைசி நாட்களையும் மறைவுக்குப் பின்னான நிகழ்வுகளையும் பதிவு செய்தார். கைக்கடக்கமான லைக்கா கமரா, பெரும்பாலும் ஐம்பது மில்லிமீட்டர் வில்லை, பிளாஷ் கிடையாது: அவர் வழக்கமான முறை அது. ஐம்பது மில்லிமீட்டர் வில்லைக்கு ஆளின் அருகே போயாக வேண்டும். அருகே போவதற்குச் சுற்றியுள்ளவர்கள் அவரைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்றைய தொலைவில்லை இந்த உறவைத் தேவையற்றதாக்கிவிட்டது. அது நட்டமே.

தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்தில் மாத்தளைக் கோயில் தாக்கப்பட்டுச் சேதமடைந்தது. இன்று சிங்கள மக்களும் இங்கே வழிபட வருகிறார்கள். இரண்டுமே உண்மை. தாகசாந்திப் பந்தலில் நீளும் ஒரு கையும் அதிலிருந்து குவளையை வாங்கும் இன்னொரு கையும் தானாக அமைந்தால் அது அரிய படம். நல்லிணக்கப் படம் வேண்டும் என்று ஆட்களைத் தேடிப்பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அந்த வரலாற்றுக்குச் செய்யும் அவமதிப்பு அது.

ஆட்ட விதிகளும் உண்டு. மூலஸ்தானத்துக்குள் கமரா ஆகாது. கற்பூர ஆரத்தியின்போது பிளாஷ் வெட்டினால் கும்பிடுபவரின் கவனம் சிதறும். உருவேறி ஆடுபவருக்குத் தன் உடை கலைவது தெரியாது. அந்த நிலையை எடுக்காமல் விடுவதே மரியாதை. இதே மாவட்டத்திலுள்ள தம்புள்ளைக் குகை விகாரையிலும் அலுவிகாரையிலும் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படமெடுப்பது குற்றமாகக் கருதப்படும். 2012 இல் புத்தர் சிலையை முத்தமிடுவதுபோல் படமெடுத்த பிரெஞ்சுப் பயணிகள் மூவருக்குக் காலி நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது.

கடைசி வேலை படக்குறிப்பு. 'பக்திப் பரவசத்தில் அடியார்கள்' என்ற ஒரே வரியைப் பத்திரிகைகள் எல்லாப் படத்துக்கும் போட்டுவிடுகின்றன. கட்டை போட்டவர், வடம் பிடித்தவர், தண்ணீர் வார்த்தவர் என அவரவர் செய்த வேலை குறிப்பில் வர வேண்டும். சம்மதித்தால் பெயரும் வரலாம். சிறுவர் என்றால் பெற்றோரைக் கேட்க வேண்டும். இலக்கம் வாங்கி வைத்திருந்தால், தேர் இருப்பிடம் திரும்புவதற்குள் படத்தை அவர் கைபேசிக்கே அனுப்பிவிடலாம். பிடிக்கவில்லை, நீக்கிவிடுங்கள் என்று அவர் சொன்னால் நீக்கிவிட வேண்டும்.